இன்ஸ்பெக்டர் நீட்டிய கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்கவே கூடாது. கட்டுரையாக வந்திருக்க வேண்டியது.

எல்லையோரத்துப் பாறசாலையில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறாள் பிரேமகுமாரி. எங்கள் அடுத்த வீட்டுப் பெண். என்னை மாமா என்பாள். வேலை வாங்க வேண்டுமென்றால் ‘மாமோ’ என்று நீட்டுவாள். போன மாதம் அப்படி நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமோ, வகுப்புக்கு ஆண்டுவிழா வருது. மலர் போடுதோம். மலையாளத்தில எழுத ஆளு ஒருபாடு உண்டு. தமிழ்ல எழுத நீங்கதான் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்தில இருந்தும் பிள்ளேரு வருதுல்லா, அதுகளுக்க அம்மையும் அப்பனும் வாசிக்கண்டாமா?”

தலைப்பையும் அவளே கொண்டுவந்திருந்தாள். ‘இளைஞருக்கும் பெரியவருக்கும் கராத்தே பயிற்சியின் நன்மைகளும் விழுமியங்களும்.’ இந்தத் தலைப்பைத் தூக்கி நிறுத்தவே தனியாக உடற்பயிற்சி வேண்டும். சரி, கேட்டுவிட்டாளே என்று உட்கார்ந்தேன்.

கராத்தே பயிற்சியினால் உடல் உறுதி பெறுகிறது. மனம் ஒருமுகப்படுகிறது. தன்னம்பிக்கை வளர்கிறது. ஒழுக்கமும் பணிவும்

[இந்த இடத்தில் தூங்கிவிட்டேன்.]

எழுந்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வரியிலும் பொய் இல்லை. ஆனால் கராத்தே என்ற சொல்லை எடுத்துவிட்டு நீச்சல் என்று போட்டாலும், யோகாசனம் என்று போட்டாலும், சத்துமாவு என்று போட்டாலும் கட்டுரைக்கு ஒரு கேடும் வராது. அப்படிப்பட்ட கட்டுரையை யார் வாசிப்பார்கள்? எழுதின எனக்கே தூக்கம் வந்துவிட்டது. கசக்கிப் போட்டுவிட்டு, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று டயர்க் கடை மாடிப்படி ஏறினேன்.

2

மாடியில் நான் நினைத்த மாதிரி யாரும் ஓடு உடைக்கவில்லை. தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வரிசை. அவர்களோடு பஸ் கண்டக்டர் ராஜன், தொப்பையைப் பெல்ட்டுக்கு மேலே விட்டுக்கொண்டு. இங்கே வரத் தொடங்கிய பிறகு வண்டியில் பயணிகளோடு அவர் போடும் வாய்ச்சண்டை குறைந்துவிட்டதென்று டிரைவரே சொன்னாராம். கடைசி வரிசையில் பொழியூரிலிருந்து வரும் லில்லிக்குட்டி. மீன் விற்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டுமாம். அவர் போட்ட சத்தத்தில் கீழே டயர் மாற்ற வந்த ஒரு ஆள் வெளியே ஓடிவந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“இதில என்ன குணம் கண்டீங்க?” என்று லில்லிக்குட்டியிடம் கேட்டேன். கட்டுரைக்கு ஏதாவது தேறும் என்ற நப்பாசை.

“எனக்க பொன்னு சாறே, வீட்டில கெடந்து கூவினா சண்டையாக்கும். இங்க கூவினா பாடமாக்கும்,” என்றார் அவர். “நெஞ்சில கெடக்குததெல்லாம் ஒழிஞ்சு போவுது. அது போராதா?”

போதும்தான். என் நான்கு வரிகளுக்கும் சேர்த்து அது போதும்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணின் கை தவறி, எதிரே நின்ற பெண்ணின் உதட்டில் பட்டுவிட்டது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அடித்த பெண் முட்டுப்போட்டு உட்கார்ந்து, இந்த அடி என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “எனக்க அடி” என்றாள். பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு போய், அடிபட்டவள் போதும் என்று சொல்லுகிறவரை தடவிக்கொண்டிருந்தாள்.

“தண்டனையா?” என்றேன் பிரேமகுமாரியிடம்.

“தண்டனை இல்ல மாமா. அடிச்ச கைதான் தடவணும். அப்பத்தான் எங்க பட்டுது, எவ்வளவு பட்டுதுண்ணு கைக்குத் தெரியும். இது ஜப்பான்காரன் சொன்னதில்ல. நானா வச்ச சட்டமாக்கும்.”

எனக்குச் சட்டென்று கதை வந்துவிட்டது. அவளுடைய சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஐம்பத்துநாலாம் ஆண்டுக்கு ஓடிவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சில்லறைத் திருட்டு இல்லாமல் பிழைப்பு நடக்காது.

3

ஏன் ஐம்பத்துநாலு? அன்று எங்கள் பக்கத்தில் கராத்தே என்ற பேரே யாரும் கேட்டதில்லை. ஆனால் அடிமுறை உண்டு. தோப்புகளில் களரி என்ற பயிற்சிக் குழி வெட்டி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வெறுங்கையால் அடிக்கவும் தடுக்கவும் எதிராளியின் மூட்டுக்குப் பூட்டுப் போடவும் பூட்டிலிருந்து கழன்று வரவும் பழகினார்கள். அதே காலத்தில்தான் தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்தது. ஊர்வலம், தடை, தடியடி, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. கடைசியில் கோடு போட்டபோது எங்கள் ஊர்கள் மலையாளத்தின் பக்கமே நின்றுபோயின. அது வரலாறு. நான் சொல்லப்போகும் ஊர்வலமும் ஆட்களும் என் கைச்சரக்கு. எந்தப் புத்தகத்திலும் தேடவேண்டாம்.

தொடக்கம் கிடைக்கப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சுந்தரதாஸ் பத்தொன்பது வயதுக் காளை. அவன் காலை ஓங்கி உதைத்தால் கமுகு மரம்

[ஒடியாது. கால்தான் ஒடியும். விட்டுவிட்டேன்.]

எங்கு பார்த்தாலும் மக்கள் வெள்ளம். விண்ணைப் பிளக்கும் முழக்கம். எல்லையெங்கும்

[இது செய்தித்தாள். இதையும் விட்டேன்.]

சுகிர்தபாய் தம்பியின் மூக்கில் அடித்தாள்.

இது நின்றது. யாருடைய மூக்கு, ஏன் அடித்தாள் என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. நல்ல வரி என்றால் அதுதான்.

4

சுகிர்தபாய் பெருங்கடவிளைச் சந்தையில் வெற்றிலை விற்கிறவள். குன்னத்துகால் பக்கத்தில் ஒரு சரிவில் வீடு, வீட்டைச் சுற்றி விளை, அதாவது தோட்டம், அது நிறைய வெற்றிலைக் கொடி. வயது முப்பத்தைந்து இருக்கலாம். கணவன் சுவாமிதாஸ் மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் வந்தது. வீட்டில் அவளும், பள்ளிக்கூடம் போகிற மகள் ஆனந்தபாயும், தம்பி சுந்தரதாஸும். தம்பி பகலில் மரம் அறுக்கப் போவான். சாயங்காலமானால் களரி. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோருக்கும் மேலே குரல் எடுத்துப் பாடுவான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அக்கா வளர்த்த பிள்ளை.

ஒருநாள் சந்தையில் விலை ஒத்துவராத கோபத்தில் ஒரு தரகன் சுகிர்தபாயின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் திருகவில்லை, அடிக்கவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி, அவளைப் பிடித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் இழுத்தாள், உதறினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சு முடிந்த பிறகுதான் விட்டான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வழியெல்லாம் அந்தக் கையை முந்தானையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“எலே, எனக்கும் சொல்லித் தாலே,” என்றாள் தம்பியிடம்.

“என்னத்தை?”

“பிடிச்சா கைய விடுவிக்குததுக்கு.”

சுந்தரதாஸ் சிரித்துவிட்டான். “அக்கா, இது மரச்சீனிக் கிழங்கு பிடுங்குத வேலை இல்ல, கேட்டியா.”

“மரச்சீனி பிடுங்கிப் பாத்திருக்கியா நீ? தின்னுதான் பாத்திருக்க. வா, பிடி.”

அவன் விளையாட்டாகப் பிடித்தான். அவள் கையை விடுவிக்கிறேன் என்று சுழற்றியதில் முழங்கை நேராக அவன் மூக்கில் இறங்கியது. இதுதான் நான் சொன்ன வரி.

மூக்கிலிருந்து ரத்தம். சுந்தரதாஸ் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டான். “இனி நீதான் தடவணும். எங்க களரியில சட்டம் உண்டு. முதல்ல ‘எனக்க அடி’ண்ணு சொல்லு.”

“எனக்க அடி, எனக்க அடி. ஐயோ மக்கா, ரெம்ப வலிக்குதா?”

“ஒருக்கா சொன்னா போரும்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த மழையில் தொடங்கியது அடுத்த மழைவரை நடந்தது. முதலில் அவன் கையைத் தொடவே விடவில்லை. நிற்கச் சொன்னான். நடக்கச் சொன்னான். கால் வைப்புக்குச் சுவடு என்று பேர். சுவடு சரியில்லாதவள் கையை வைத்து என்ன செய்தாலும் காற்றில் செய்ததுதான் என்றான். வெற்றிலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சந்தைக்குச் சுவடு வைத்தே நடந்தாள். பிறகு கழன்று வருவது. அதற்கும் பிறகு பூட்டு. பூட்டுச் சொல்லிக்கொடுத்த அன்றே, தோள் இடம் பெயர்ந்தால் திரும்ப ஏற்றுவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தான். களரியில் இரண்டும் ஒரே பாடம்.

[கட்டுரையில் நான் ‘உடல் உறுதி’ என்று எழுதினேனே, அதைச் சுகிர்தபாயிடம் கேட்டால், “நடு முதுகு வலி இல்ல, படுத்தா உறக்கம் வருது,” என்பாள். ‘தன்னம்பிக்கை’ என்று எழுதினேனே, அதற்கு, “வழியில ஆளு எதிரே வந்தா இப்ப நான் ஒதுங்குததில்ல,” என்பாள். ‘பணிவு’ என்பது தம்பிக்கு வந்தது. களரியில் நான் பெரிய ஆள் என்று திரிந்தவன், அக்காவுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடியாமல் திணறியபோதுதான் தனக்கு அது பாதிதான் தெரியும் என்று கண்டுபிடித்தான்.]

அந்தத் தரகன் மறுபடியும் ஒருநாள் பிடித்தான். சுகிர்தபாய் கழன்று வந்தாள். அவ்வளவுதான். அடி இல்லை, சத்தம் இல்லை. அவன் தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தக் கையில் ஒரு வெற்றிலைக் கட்டை வைத்து, “இதுக்கு மேல குறையாது,” என்றாள். வீடு வருகிறவரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு, அந்த ஊரில், பிள்ளை பெற்று வீடு குடித்தனம் என்று கிடக்கிற ஒருத்தி, விளையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தம்பியோடு பூட்டும் பிரிவும் பழகுவாளா? சபையில் என்ன சொல்வார்கள்? அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? வாசிக்கிறவர் ‘போய்யா’ என்று மலரை மூடிவிட்டால்?

எதற்கு வம்பு என்று அவளை ஆணாக மாற்றினேன்.

ஜெயதாஸ் பெருங்கடவிளைச் சந்தையில் வெற்றிலை விற்கிறவன். விலை ஒத்துவராத கோபத்தில் ஒரு தரகன் அவன் மணிக்கட்டைப்

[பிடிக்கமாட்டான். எந்தத் தரகனும் ஜெயதாஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசமாட்டான். கதை அங்கேயே படுத்துவிட்டது.]

கதையில் இனி வரப்போகிற இடத்துக்கும் சேர்த்துப் பிரேமகுமாரிக்குப் போன் போட்டேன்.

“பிள்ளே, ஒரு வெற்றிலைக்காரி ஒரு போலீஸ்காரனுக்க தோளைக் கழட்ட முடியுமா? உள்ளதைச் சொல்லணும்.”

“நாளைக்கு வகுப்புக்கு வாங்க மாமா.”

“எதுக்கு?”

“காட்டித் தாறேன்.”

“வேண்டாம், நம்பிட்டேன்,” என்று போனை வைத்தேன். சுகிர்தபாயைத் திரும்பக் கூட்டிவந்தேன். வந்தவள் என் பக்கம் திரும்பாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கோபம் இருக்கத்தானே செய்யும்.

6

சுந்தரதாஸ் போராட்டத்தில் சேர்ந்துவிட்டான். சுகிர்தபாய்க்கு அதில் விரோதம் ஒன்றுமில்லை. தமிழில் ஜெபிக்கிறவள், மலையாளத்தில் வெற்றிலை விற்கிறவள். கோடு எங்கே போட்டாலும் அது தன் அடுக்களை வழியாகத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தடியடிக் கதைகள் வர வர, ஒருநாள் அவனை வாசலில் மறித்தாள்.

“எனக்குப் பயமா இருக்குலே. அடிமுறை தெரிஞ்சவன் கூட்டத்தில நிண்ணா, முதல் அடி உனக்குத்தான்.”

“நான் கை ஓங்கமாட்டேன் அக்கா. கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கோம், எல்லாரும். அடிச்சா வாங்கணும்.”

“நல்ல சத்தியம் பண்ணினீங்க,” என்றாள் அவள். சொன்னாளே தவிர, ஊர்வலத்தன்று காலையில் அவனுக்கு உடுத்தச் சட்டை தோய்த்து எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம். சுகிர்தபாய் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். முக்கு திரும்பினால் ஊர்வலம் கலைந்து ஓடுகிறது. செருப்புகள், கிழிந்த கொடி, விழுந்து கிடக்கிற ஆட்கள். நடுரோட்டில் ஒரு போலீஸ்காரர் சுந்தரதாஸின் சட்டையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பேர் கிருஷ்ணன்குட்டி. வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர், ஏறக்குறைய அவள் வயதுதான். லத்தியால் அடிக்காமல் கையால்தான் பிடித்திருந்தார். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். சுந்தரதாஸ் சத்தியத்தை நினைத்துக்கொண்டு எதிர்க்காமல் இழுபட்டுப் போனான். நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

கூடையைக் கீழே வைத்தது சுகிர்தபாய்க்கு நினைவில்லை. போனாள். சட்டையைப் பிடித்திருந்த மணிக்கட்டைப் பிடித்தாள். சுவடு வைத்தாள். பூட்டு விழுந்துவிட்டது.

“அவனை விடுங்க சாறே,” என்றாள். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகத்தான்.

கிருஷ்ணன்குட்டிக்கு ஒரு பெண் தன் கையைப் பிடித்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. கோபத்தில் கையை வெடுக்கென்று இழுத்தார். அவள் திருகவில்லை, பூட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவர் இழுத்த இழுப்பிலேயே அவர் தோள் இடம் பெயர்ந்தது. “அம்மே!” என்று அலறிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தார்.

“அக்கா, ஓடி வா!” சுந்தரதாஸ் விடுபட்டு ஓடினான். இரண்டு மரச்சீனித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இடவழி திறந்து கிடந்தது. மற்ற போலீஸ்காரர்கள் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றதால் எதையும் பார்க்கவில்லை. அவள் செய்யவேண்டியது ஓடுவது ஒன்றுதான்.

[ஓடு பெண்ணே என்று நானும் கத்தினேன். ஓடியிருந்தால் இதை ஒரு பக்கம் முன்பே முடித்துவிட்டு நான் சாப்பிடப் போயிருப்பேன்.]

ஓடத் திரும்பியவள் ஒருமுறை பின்னால் பார்த்தாள். அந்த மனிதரின் கை அவருடையதல்லாத மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்குக் கால் வரவில்லை. விளையில் ஒரு வருஷமாக, அடி விழுந்த உடனே உட்கார்ந்து பழகிய உடம்பு அது. யாரை அடித்தோம், அவன் போலீஸா, இது ரோடா என்று அது விசாரிக்கவில்லை. திரும்பிவந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்க அடி,” என்றாள்.

“தொடண்டா! தொடண்டா!” தொடாதே என்று அலறிக்கொண்டு அவர் பின்னால் நகர்ந்தார். மிச்சத்தையும் ஒடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார், பாவம்.

“பயப்படாதீங்க. மூச்சை விடுங்க. பைய, பைய.” மற்றக் கையால் அவர் தோளை அணைத்துப் பிடித்து, தொங்கிய கையை மெல்லத் தூக்கி, ஏற்றினாள். ஏறி அமர்ந்தது. அவர் முகத்தில் வலி இறங்குவதைப் பார்த்தாள். எண்ணெய் வேண்டும், ரோட்டில் எண்ணெய்க்கு எங்கே போக? தன் தலைமுடியில் கையை விட்டு, காலையில் தேய்த்திருந்த எண்ணெயை விரல்களில் வழித்து எடுத்து, அவர் தோளில் தடவத் தொடங்கினாள்.

இடவழியில் பாதி தூரம் ஓடிய சுந்தரதாஸ், பின்னால் அக்காவைக் காணாமல் திரும்பி ஓடிவந்தான். வந்து நின்ற இடத்திலேயே அவனை மற்றப் போலீஸ்காரர்கள் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள்.

7

இன்ஸ்பெக்டர் வந்தார்.

“ஆராடா இது செய்தது?”

எல்லோருடைய கண்ணும் சுந்தரதாஸ் மேல் போயிற்று. மரம் அறுக்கிற தோள், களரிக்காரன் என்று ஊருக்கே தெரியும். போலீஸ்காரர் மேல் கைவைத்தவனை ஸ்டேஷனில் என்ன செய்வார்கள் என்றும் ஊருக்கே தெரியும். கோர்ட்டும் ஜெயிலும் அதற்குப் பிறகுதான். அவன் கை இனி மரம் அறுக்காது.

கிருஷ்ணன்குட்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு வெற்றிலைக்காரி தன் தோளைக் கழற்றினாள் என்று கூட்டாளிகள் நடுவில் எந்த மனிதன் சொல்வான்?

நான் இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கிருஷ்ணன்குட்டி எழுந்து, ‘ஆரும் செய்ததல்ல சாறே, நான் வழுக்கி வீணதா’ என்கிறார். எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் சந்தோஷத்துக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன். அவர் வெட்கத்தில் சுந்தரதாஸைக் கைகாட்டுவதாக இன்னொன்று எழுதினேன். அவரை அவ்வளவு கெட்டவராக்க எனக்கு மனசு வரவில்லை. அதுவும் போயிற்று.

நான் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே சுந்தரதாஸ் முந்திக்கொண்டான்.

“நானாக்கும் செய்தது,” என்றான்.

சுகிர்தபாய்க்கு வந்ததே கோபம்! எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

“பொய் சொல்லாதலே! எனக்க அடிய நீ எடுக்காத!” பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். “சாறே, இவன் கை ஓங்கல்ல. சத்தியம் பண்ணிட்டு வந்தவனாக்கும். செய்தது நான்.”

“அக்கா, மிண்டாம இரு. ஆனந்தபாய்க்கு ஆரு உண்டு?”

அந்தப் பேரைக் கேட்டதும் அவள் கண் வீட்டுப் பக்கம் போனது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டிய வீட்டு முன்னால் நிற்பாள். அவளுடைய அப்பன் மூணாறில். இருந்தும் அவள் பேச்சை மாற்றவில்லை.

“செய்தது நானாக்கும்,” என்றாள் மறுபடியும்.

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலைக் கறை விரல், மெலிந்த தோள், கலைந்த முடி. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கூட நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்காக அக்கா பொய் சொல்கிறாள் என்று அவர் கொஞ்சம் இரங்கக்கூடச் செய்தார்.

“ஒரு பெண்ணோ? எங்கில் காணிக்கு,” என்றார். அப்படியானால் செய்து காட்டு என்று தன் வலது கையை அவள் முன்னால் நீட்டினார். “பிடி.”

செய்து காட்டினால் தம்பி வெளியே வருவான், அவள் உள்ளே போவாள். காட்டாவிட்டால் தம்பி. சுகிர்தபாய் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவடு வைத்தாள். சுந்தரதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

8

அப்போதுதான் கிருஷ்ணன்குட்டி பேசினார். ஏற்றிவைத்த தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, ரோட்டில் உட்கார்ந்தபடியே.

“சாறே,” என்றார். “கை இழுக்கல்லே.”

இழுத்துவிடாதீர்கள் என்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. இனி ஸ்டேஷனில் அவருக்கு என்ன பேர் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

சுகிர்தபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி நம்பினான், அது வேறு. உடம்பில் வாங்கிக்கொண்ட ஒரு மனிதன், அது நீதான் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டான். அந்த நன்றியோடு அவள் பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல் நின்றாள்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. “மலர் அச்சுக்குப் போகணும் மாமோ, இழுத்தாரா இல்லியா? ஒண்ணு சொல்லுங்க,” என்று பிரேமகுமாரி தினமும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் அவள் சொல்லை நம்பினால் கையை அப்படியே வைத்திருப்பார்; சுந்தரதாஸை விட்டுவிட்டு இவளை வண்டியில் ஏற்ற வேண்டிவரும், ஆனந்தபாய் பூட்டிய கதவின் முன்னால் நிற்பாள். கழன்ற தோளே திரும்ப ஏறிவிட்டபோது கேஸ் எதற்கு என்று இரண்டு பேரையும் விட்டுவிடவும் கூடும்; அவ்வளவு தூரம் அவரை எனக்குப் பழக்கமில்லை. நம்பாவிட்டால் இழுப்பார். இழுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதன்பிறகும் அவள் ஓடமாட்டாள், அவருக்கும் எண்ணெய் தடவ உட்கார்ந்துவிடுவாள். இது ஒன்றை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். வெற்றிலைக்காரியாவது போலீஸ்காரரின் தோளைக் கழற்றுவதாவது என்று வழியெல்லாம் நம்பாமலேதான் வந்தீர்கள் என்றால், அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற மணிக்கட்டு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பாருங்கள்.